மதுரையில் இன்றைக்கு பிஎஸ்5 கடை போட்டால் ஓடுமா? போன் கேம் காலத்தில் கன்சோலின் கதி

#1 வில்லாபுரத்தான்

வணக்கம் மக்களே. என் மச்சினன் கே.கே.நகரில் மாடியில் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறான். ஐந்து பிஎஸ்5 (டிவியில் மாட்டி விளையாடும் சோனியின் கேம் பெட்டி, அதைத்தான் கன்சோல் என்கிறோம்), ஐந்து பெரிய டிவி, ஏசி, சோபா போட்டு மணிக்கணக்கில் விடப் போகிறானாம். பாதி முதல் என்னிடம் கேட்கிறான். நான் வில்லாபுரத்தில் பிஎஸ்2 வைத்து கேம் சென்டர் நடத்தியவன் என்பதால்தான் என்னைப் பிடித்திருக்கிறான். நாலு டிவி, நாலு செட், மணிக்கு 20 ரூபாய். 2005 வாக்கில் ஆரம்பித்தது, 2013க்கு மேல் தாங்கவில்லை.

மூடியபோது தெருவே சொன்னது, "செல்போன் வந்துருச்சுல்ல, இனி எவன் வருவான்" என்று. இப்போது மச்சினனிடம் வீட்டில் சொல்வதும் அதேதான். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. என் கடையை முதலில் அடித்தது கரண்ட். 2012ல் சென்னைக்கு ரெண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் நமக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த மணி நேரம் இருக்காது.

ஜிடிஏ வரிசையில் வந்த சான் ஆண்ட்ரியாஸ் கேம் விளையாடியவர்களுக்குத் தெரியும், அதில் நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. வீட்டுக்குப் போய்த்தான் பண்ண வேண்டும். பையன் அரை மணி நேரமாக ஒரு மிஷனோடு மல்லுக்கட்டி முடித்து, சேவ் பண்ண வண்டியை விரட்டிக்கொண்டு வருவான். வீட்டு வாசலுக்கு வரும்போது பொட்டென்று கரண்ட் போகும். எட்டு எம்பி மெமரி கார்டில் ஒன்றும் ஏறியிருக்காது. "அண்ணே, காசைத் திருப்பிக் குடுங்க" என்று நிற்பான். அவன் கேட்பதும் நியாயம்தானே. இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். நாலு டப்பா டிவியும் ஃபேனும் இழுத்த இழுப்பில், கரண்ட் திரும்புவதற்குள் அது கூவ ஆரம்பித்துவிடும்.

அந்த நேரத்தில் அதே பையன்கள் வாசல்படியில் உட்கார்ந்து அண்ணன் போனில், மாமா போனில் டெம்பிள் ரன் ஓடுவார்கள். சார்ஜ் இருந்தால் போதும், கரண்ட் இருக்க வேண்டியதில்லை. செல்போன் என் கடைக்குள் நுழைந்த வழி அதுதான்.

சரி, இப்போது மின்வெட்டு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் போன் எல்லார் கையிலும் இருக்கிறது. இந்த நிலைமையில் காசு கொடுத்து மாடி ஏறி வந்து கன்சோல் விளையாட ஆள் இருக்கிறதா? பிடித்ததைச் சொல்லாமல் நிஜத்தைச் சொல்லுங்கள்.

#2 மேலூர்_மைனர்

ஓடாது அண்ணே. அந்தக் காசுக்கு ரெண்டு எருமை மாடு வாங்குங்கள். பால் கறக்கும், அப்டேட் கேட்காது.

#3 உசிலை_ஸ்னைப்பர்

அண்ணே, நான் காலேஜ் மூன்றாம் வருஷம். எங்கள் தெருவில் கன்சோல் இருக்கிற வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பிஎஸ்5 என்றால் யூடியூப்பில் யாராவது விளையாடுவதைப் பார்ப்பதோடு சரி. எங்கள் செட்டுக்கு கேம் என்றாலே போன்தான். 2018ல் பப்ஜி மொபைல் வந்தபோது நான் ஸ்கூல். அப்பா தூங்கியதும் அவர் போனை எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடுவேன். காலடிச் சத்தம் கேட்காமல் எப்படி ஜெயிப்பது? சாகத்தான் செய்வேன்.

காசுக் கணக்கைப் பாருங்கள். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். அடுத்த வருஷமே 54,990 ஆக்கினார்கள். டிவி தனி, நெட் தனி, புது கேம் ஒன்று நாலாயிரம் ஐயாயிரம். என் போன் 16 ஆயிரம். அதிலேயே பாடம், ஜிபே, கிரிக்கெட் மேட்ச், பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) எல்லாம். போன் எப்படியும் வாங்கத்தான் போகிறோம், கேம் இனாம். வீட்டில் போய் "கேம் விளையாட 50 ஆயிரம் குடுங்க" என்று கேட்டால் செருப்பு பறக்கும். "ஆன்லைன் கிளாஸுக்கு போன் வேணும்" என்று கேட்டோம், கொரோனா சமயத்தில் வட்டிக்கு வாங்கியாவது எடுத்துக் கொடுத்தார்கள்.

அப்புறம் நாங்கள் நாலு பேர் ஸ்குவாட். நாலு பேரும் நாலு ஊர். ஒருத்தன் தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்து விளையாடுவான். தண்ணீர் பாத்தி மாறிவிட்டால் "டேய் ஒரு நிமிஷம்டா, மடை உடைச்சிரும்" என்று ஓடுவான், அவன் ஆள் கேமில் எரங்கெல் மேப்பில் புல்லுக்குள் படுத்துக் கிடக்கும், நாங்கள் காவல் நிற்போம். கன்சோலைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

#4 பெங்களூர்_பாண்டி

நான் மதுரைக்காரன், இங்கே கேம் கம்பெனி ஒன்றில் வேலை. வில்லாபுரத்து அண்ணன், உசிலைத் தம்பி ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் அது நம் ஊர்க் கதை. உலகத்தில் நடந்தது கொஞ்சம் வேறு.

2011, 2012 வாக்கில் "கன்சோலுக்குச் சங்கு ஊதியாச்சு" என்று எழுதாத பத்திரிகை கிடையாது. எழுதக் காரணமும் இருந்தது. நின்டெண்டோ 2011ல் 3டிஎஸ் கொண்டுவந்து, விற்கவில்லை என்று சில மாதங்களிலேயே 249 டாலரை 169 டாலராகக் குறைத்தது. 2012 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் அந்தக் கம்பெனி நஷ்டம் காட்டியது. 2015ல் டீஎன்ஏ என்ற மொபைல் கம்பெனியோடு கைகோத்து, 2016 டிசம்பரில் மரியோவையே ஐபோனில் ஓட விட்டது. பிடிவாதத்துக்குப் பேர்போன நின்டெண்டோவே இறங்கி வந்துவிட்டது என்றால் மற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

ஆனால் விற்பனையைப் பாருங்கள். கையில் வைத்து விளையாடும் டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றது. அடுத்து வந்த 3டிஎஸ் அதில் பாதி, ஏழரைக் கோடிதான். சோனியின் வீட்டா 2019ல் நின்றே போனது. போன் கொன்றது இவற்றைத்தான். பாக்கெட்டில் ஏற்கெனவே ஒரு திரை இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை. டிவியோடு மாட்டுகிற பெட்டி சாகவில்லை. பிஎஸ்3 எட்டேமுக்கால் கோடி, அடுத்து வந்த பிஎஸ்4 கிட்டத்தட்ட 11 கோடியே 70 லட்சம். போன் கொடிகட்டிப் பறந்த அதே வருஷங்களில்தான் இது. நின்டெண்டோவும் 2017ல் ஸ்விட்ச் கொண்டுவந்து பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டது. கையிலும் ஆடலாம், டிவியிலும் மாட்டலாம்.

பணம் எங்கே போகிறது என்பது வேறு. உலக கேம் வருமானத்தில் ஏறக்குறைய பாதி இன்று போனிலிருந்து வருகிறது. 2023ல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியை 6,900 கோடி டாலர் பக்கம் கொடுத்து வாங்கியது. எல்லாரும் கால் ஆஃப் டூட்டிக்காக என்று பேசினார்கள். கேண்டி க்ரஷ் நடத்துகிற கிங் கம்பெனியும் அந்த மூட்டைக்குள்தான் இருந்தது. எக்ஸ்பாக்ஸ்காரன் மிட்டாய்க் கடையையும் சேர்த்து வாங்கியிருக்கிறான்.

இந்தியாவில் கன்சோல் தோற்றது என்று சொல்ல, முதலில் அது களத்தில் இறங்கியிருக்க வேண்டும். நின்டெண்டோ இங்கே நேரடியாகக் கடையே விரிக்கவில்லை. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது போனுக்கு 12 சதவீதம், கன்சோலுக்கு 28. சூதாட்ட மேஜைச் சாமானோடு ஒரே தலைப்பில் வைத்தார்கள். போனுக்கு 2020ல் 18 ஆக்கியபோதும் இடைவெளி போகவில்லை.

#5 கேசட்_காலத்து_ஆள்

பாண்டி தம்பி, களத்தில் இறங்கவே இல்லை என்று ஒரே போடாகப் போடாதீர்கள். பெயர் சொல்லி இறங்கவில்லை, அவ்வளவுதான். ஜப்பானில் 1983ல் வந்த ஃபேமிகாமை அப்படியே நகலெடுத்த பெட்டிகள் தொண்ணூறுகளில் நம் ஊரில் ஏகப்பட்ட வீடுகளில் இருந்தன. "டிவி கேம்" என்போம். லிட்டில் மாஸ்டர் என்று ஒன்று வந்தது. மஞ்சள் கேசட்டில் "99999 இன் 1" என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது பத்துப் பதினைந்து கேம்தான். ஏழாவதில் அழுத்தினால் கான்ட்ரா முதல் ஸ்டேஜ், எழுபதாவதில் அழுத்தினால் அதே கான்ட்ரா மூன்றாம் ஸ்டேஜ். அந்த மோசடியைக் கண்டுபிடிப்பதே தனி விளையாட்டு.

தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி போட்டால் நாங்கள் ராட்டினத்துக்குப் போக மாட்டோம், கேம் ஸ்டாலுக்குத்தான் போவோம். அப்புறம் பிஎஸ்2 காலம். மீனாட்சி பஜாரில் கேட்டால் நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட செட்டாகவே எடுத்துத் தருவார்கள். ஒரிஜினல் டிஸ்க் எப்படி இருக்கும் என்றே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய டிவிடி, அம்பது அறுபது ரூபாய். லென்ஸ் மங்கிப்போய் சிவப்பு ஸ்கிரீன் வந்தால் செட்டைக் குப்புறக் கவிழ்த்து வைப்போம், டிஸ்க் ஓடும். ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்து என்ன ஆகப் போகிறது?

சோனிக்கும் இந்த மார்க்கெட் தெரிந்துதான் இருந்தது. 2009ல் இந்தியாவிலேயே செய்த பிஎஸ்2 கேம்கள் வந்தன. ஒன்று அனுமார், இன்னொன்று தேசி அட்டா. கபடி, கிட்டிப்புள், பட்டம் எல்லாம் அதில் உண்டு. கிட்டிப்புள்ளை வெயிலில் இனாமாக ஆடிக்கொண்டிருந்தவனிடம் டிவியில் ஆட காசு கேட்டார்கள் பாருங்கள், அந்த யோசனை யாருக்கு வந்ததோ.

போன் ஜெயித்தது எப்போது என்று என்னைக் கேட்டால் 2016 செப்டம்பர் என்பேன். ஜியோ வந்த மாதம். அதற்கு முன் ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் அழுதோம். ஜியோ வந்து 2017 மார்ச் வரை சும்மாவே கொடுத்தார்கள். நெட் இல்லாத போனில் பாம்பு கேம், ஆங்ரி பேர்ட்ஸ், தனியாளாக விளையாடலாம். நெட் வந்த பிறகுதான் கூட்டாளியும் போனுக்குள்ளேயே வந்துவிட்டான். கேம் சென்டர் விற்றதே கூட்டாளியைத்தானே?

#6 டவுன்ஹால்ரோடு_சர்வீஸ்

சர்வீஸ் கடை அனுபவத்தைச் சொல்கிறேன். மேசைக்கு வருகிற போனைத் திருப்பிப் பார்த்தாலே கேம் போனா இல்லையா என்று தெரிந்துவிடும். டெம்பர் கிளாஸில் இடது ஓரம் ஒரு வட்டம், வலது ஓரம் ஒரு வட்டம், அங்கே மட்டும் மேல்பூச்சு தேய்ந்திருக்கும். விரல் வழுக்காமல் பிடிக்கும். அதற்குத்தான் விரலில் உறை மாட்டுகிறார்கள். உறை வாங்காதவன் பவுடர் போடுவான். பவுடர் இல்லாவிட்டால் விபூதி. ஸ்பீக்கர் ஓட்டையில் விபூதி அடைத்துக்கொண்டு வந்த போனை நான் பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணியிருக்கிறேன்.

அடுத்தது சூடு. சார்ஜில் போட்டுக்கொண்டே விளையாடுவார்கள். சார்ஜ் ஏறுகிற சூடு ஒரு பக்கம், பிராசஸர் சூடு ஒரு பக்கம். குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் பசங்க "லேக் அடிக்குது" என்று கொண்டுவருகிறார்கள். நெட் லேக் வேறு, இது வேறு. நாளடைவில் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கி, காம்போ என்கிற மொத்தத் திரைச் செட் வரைக்கும் தள்ளும். சார்ஜிங் பின் ஆட்டம் கண்டிருக்கும், ஏனென்றால் போனைப் படுக்கைவசமாகப் பிடிக்கும்போது வயர் விரலுக்கு இடையில் மடங்கும்.

பேட்டரி, காம்போ, சார்ஜிங் போர்டு என்று கூட்டினால் 'இனாம் கேம்' எவ்வளவு இனாம் என்று தெரியும், உசிலைத் தம்பி.

இன்னொன்று. 2018ல் போகோ எஃப்1 வந்தது, 20,999 ரூபாய்க்கு ஸ்னாப்டிராகன் 845. அதே சிப் மற்ற கம்பெனியில் 30 ஆயிரம் பக்கமும் அதற்கு மேலும். கடைக்கு வந்து கேமராவைப் பற்றிக் கேட்காமல் பிராசஸர் நம்பரைக் கேட்கிற பையன்களை அந்த வருஷம்தான் முதலில் பார்த்தேன்.

#7 திருநகர்_அக்கா

எல்லாரும் வியாபாரம் பேசுகிறீர்கள், நான் வீட்டைப் பேசுகிறேன். என் பையன் ஒன்பதாம் வகுப்பு. ஏதோ சுடுகிற கேமில் டைமண்ட், டைமண்ட் என்று என் வீட்டுக்காரர் போனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டியிருக்கிறான். 80 ரூபாய், 160 ரூபாய் என்று போனதால் யாரும் கவனிக்கவில்லை. மாசக் கடைசியில் ஸ்டேட்மென்ட் பார்த்தபோது மளிகைக் கணக்கை விடப் பெரிசாக இருந்தது. துப்பாக்கிக்குச் சட்டை மாற்ற அவ்வளவு காசாம். அந்தச் சட்டை போட்டால் குண்டு கூடுதலாகப் பாயுமா என்று கேட்டேன், "பாயாதும்மா, ஆனா எல்லாரும் வச்சிருக்காங்க" என்கிறான்.

அதற்கு ஹாலில் ஒரு கன்சோல் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தடவை காசு கொடுத்தால் முடிந்தது. டிவியில் என்ன ஓடுகிறது என்று நமக்கும் தெரியும். போனைப் போர்வைக்குள் எடுத்துக்கொண்டு போவது போல டிவியை எடுத்துக்கொண்டு போக முடியாது.

#8 உசிலை_ஸ்னைப்பர்

அக்கா, கன்சோலிலும் அந்த வியாதி வந்துவிட்டது. கால்பந்து கேமில் ஐயாயிரம் கொடுத்து டிஸ்க் வாங்கிய பிறகும் பிளேயர் பாக்கெட் வாங்கு என்று கேட்கிறது. ஃபோர்ட்நைட் பிஎஸ்5லும் இனாம்தான், சட்டைக்குத்தான் காசு.

சர்வீஸ் அண்ணே, போன கமெண்ட் என்னைப் பார்த்தே எழுதியது போல இருக்கிறது. விபூதி மேட்டர் உண்மை.

#9 பெங்களூர்_பாண்டி

தம்பி சொல்வது சரி. அக்கா, உள்ளே இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன். இனாம் கேமில் விளையாடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு பைசா கட்ட மாட்டார்கள். கட்டுகிற கொஞ்சம் பேரை வைத்துத்தான் மொத்த வண்டியும் ஓடுகிறது. கட்டாதவர்கள் எதற்கு என்றால், கட்டியவன் சட்டையைக் காட்ட ஆள் வேண்டுமே. தினமும் உள்ளே வந்தால் பரிசு, இன்று ராத்திரியோடு ஆஃபர் முடிகிறது, காசு கட்டி வாங்கிய ராயல் பாஸ் பாதியில் நிற்கிறது, இதெல்லாம் சும்மா வைத்தது இல்லை. கூட்டத்தில் ஒரு பட்டனை எந்தப் பக்கம் வைப்பது என்று மணிக்கணக்காகப் பேசுவோம். நாங்கள் பேசியதில் பாதி "எப்படி ஜாலியாக ஆக்குவது" என்பது கிடையாது.

இந்தப் பழக்கத்தைப் போன்தான் பெரிதாக்கியது, அங்கிருந்துதான் கன்சோலுக்கும் ஏறியது. அண்ணன் கேட்ட "போன் கன்சோலை என்ன செய்தது" என்பதற்கு என் பதில் இதுதான். ஆளை அடிக்கவில்லை, குணத்தை மாற்றிவிட்டது. கடை என்கிற முறையில் உங்களுக்கு இது நல்லது. டிஸ்க் வாங்கி, ரெண்டு கன்ட்ரோலரில் நேருக்கு நேர் ஆடுகிற கேமாகப் பார்த்து வையுங்கள்.

#10 மேலூர்_மைனர்

ரம்மியும் மொபைல் கேம்தானே? எங்கள் ஊரில் ஒருத்தர் டிராக்டரையே

#11 நெறியாளர்

ரம்மிக்குத் தனி இழை ஓடுகிறது, மேலூர்க்காரர் அங்கே வரவும். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்று விதி வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அவற்றை மொத்தமாகத் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. இங்கே கன்சோலும் போனும் மட்டும்.

#12 கேகேநகர்_கன்ட்ரோலர்

மாமா, இதை இங்கேயே கொண்டுவந்துட்டீங்களா. மச்சினன் நான்தான் மக்களே.

நான் ஒன்றும் ஆசையில் குதிக்கவில்லை. சனி, ஞாயிறு நாலைந்து லவுஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். வருகிற எல்லார் போனிலும் பிஜிஎம்ஐ இருக்கிறது. இருந்தும் வருகிறார்கள். நாலு பேர் வருவார்கள், கால்பந்து போடுவார்கள், தோற்றவன் எழுந்திருக்க வேண்டும். எழுந்தவன் சோபா மூலையில் போனை எடுத்து ஒரு ரவுண்டு டீம் டெத்மேட்ச் ஆடுவான், அவன் முறை வந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு கன்ட்ரோலரைப் பிடுங்குவான். போன் அங்கே காத்திருக்கிற நேரத்துக்கு. இது என் கண்ணால் பார்த்தது.

கேம் நான் யோசித்து வைத்திருப்பது கால்பந்து, டெக்கன் 8 என்ற சண்டை கேம், மல்யுத்தம், கார் ரேஸ். எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே ஆடுகிற வகை. தெரியாத ஆளிடம் ஆன்லைனில் தோற்றால் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். தோற்கடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தால் "இன்னொரு மேட்ச் போடு" என்றுதான் வாயில் வரும். எனக்கு அந்த இன்னொரு மேட்ச்தான் வருமானம். அப்புறம் ஜிடிஏ 6. 2026 நவம்பர் 19 என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ரெண்டுக்கும்தான் அறிவிப்பு, போனுக்கு இல்லை. சான் ஆண்ட்ரியாஸ் 2004ல் பிஎஸ்2க்கு வந்தது, போனுக்கு வர 2013 டிசம்பர் ஆனது. அந்த இடைவெளி இருக்கிற வரை என் கடைக்கு வேலை இருக்கிறது.

#13 வில்லாபுரத்தான்

மாப்ள, வா. நீ சொல்கிற சோபா விஷயம் எனக்குப் புரிகிறது. என் கடையிலும் மல்யுத்தம்தான் காசு கொடுத்தது, சான் ஆண்ட்ரியாஸ்காரன் ஒரே ஆளாக நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பான். ஜிடிஏ 6ஐ நம்பிக் கடை போடாதே. அது ஒற்றை ஆள் கதை. முதல் மாதம் கூட்டம் வரும், அப்புறம் மூன்று பேருக்கு இடமாகிற சோபாவில் ஒருத்தன் காலை நீட்டிப் படுத்துக்கொள்வான்.

இப்போது என் கேள்விகள். ஒரு பிஎஸ்5 ஓடும்போது 200 வாட்ஸ் பக்கம் இழுக்கும். பெரிய டிவி நூறு, நூற்றைம்பது. ஐந்து செட்டும் ஒன்றரை டன் ஏசியும் சேர்ந்தால் மூன்று கிலோவாட். பத்து மணி நேரம் திறந்து வைத்தால் நாளைக்கு 25, 30 யூனிட், அதுவும் கமர்ஷியல் கனெக்‌ஷனில். கே.கே.நகரில் அந்த மாடிக்கு எத்தனை கிலோவாட் வாங்கியிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரரைக் கேட்டாயா?

பகல் பத்திலிருந்து நாலு வரை யார் வருவார்கள்? ஸ்கூல் யூனிஃபார்மோடு ஏறுகிற பையனை உள்ளே விடுவாயா? நான் விட்டதில்லை. அதனாலேயே என்னிடம் பெற்றவர்கள் சண்டைக்கு வந்ததில்லை, ஆனால் பகல் பூராவும் ஈ ஓட்டினேன்.

இன்னொன்று, சொந்த உபயோகத்துக்கு மட்டும், வாடகைக்கு விடக்கூடாது என்று அந்த கேம்களின் உரிம ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே, அதைப் படித்தாயா? எல்லாரும்தான் நடத்துகிறார்கள் என்று சொல்லாதே. சிப் போட்ட செட் வைத்திருந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று சிரிப்பீர்கள். அப்போது என் மூலதனம் ரெண்டு மாதச் சீட்டுப் பணம். இப்போது லட்சக்கணக்கில்.

#14 கேகேநகர்_கன்ட்ரோலர்

கிலோவாட் கேட்கவில்லை மாமா, நாளைக்கே கேட்கிறேன். ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுவிடுகிறேன். யூனிஃபார்ம் விஷயத்தில் உங்கள் வழிதான் என் வழியும்.

#15 உசிலை_ஸ்னைப்பர்

அந்தப் பகல் நேரத்துக்கு ஒரு யோசனை. எங்களை உள்ளே விடுங்கள். நல்ல வைஃபை, ஆளுக்கொரு சார்ஜ் பாயின்ட், ஏசி. நாங்கள் எட்டு ஸ்குவாட் சேர்ந்து கேமுக்குள் தனி ரூம் போட்டு ஆடுவோம், அந்தப் பெரிய டிவியில் மேட்சைப் போட்டுவிடுங்கள். ஆளுக்கு 50 ரூபாய் கொடுப்போம். இப்போது பார்க்கில் உட்கார்ந்து ஆளாளுக்கு ஒரு டவரைப் பிடித்துக்கொண்டு பிங் (நெட் தாமதம்) எகிறி சாகிறோம்.

#16 கேசட்_காலத்து_ஆள்

தம்பி யோசனை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அதை நம்பி முதல் போடக்கூடாது. உங்கள் கேம் உங்கள் கையில் இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை, அக்டோபர் கடைசியில் சர்வரையே நிறுத்தினார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று திரும்ப வந்தது. 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து மறுபடி காணோம். 2023 மே மாதம் மறுபடி வந்தது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் தடை, அதன் மேக்ஸ் பதிப்பு மட்டும் தப்பித்தது. இதில் எந்த மாதம் கடை வாடகை கட்டுவது? தடை சரியா தப்பா என்று நான் பேசவில்லை. சர்வர் எங்கேயோ, அதிகாரம் எங்கேயோ. டிஸ்க் பெட்டியில் இருந்தால் அது நாளைக்கும் ஓடும்.

#17 உசிலை_ஸ்னைப்பர்

ஓடும், ஆனால் ஆட ஆள் வேண்டுமே அண்ணே. தடை வந்த அன்று நாங்கள் நாலு பேரும் கால் ஆஃப் டூட்டி மொபைலுக்கு மாறிவிட்டோம். ஆள் இருந்தால் கேம் கிடைக்கும். உங்கள் கான்ட்ராவுக்கு இப்போது ரெண்டாவது ஆள் யார்?

#18 கேசட்_காலத்து_ஆள்

என் மகள். முதல் ஸ்டேஜ் வரை வருகிறாள்.

#19 திருநகர்_அக்கா

கே.கே.நகர் தம்பி, கடை திறந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றவர்களோடு வருகிறவர்களுக்கு என்று ஒரு நேரம் வையுங்கள். பையன் என்ன ஆடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நான் தயார். கழிவறை சுத்தமாக இருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள்.

#20 வில்லாபுரத்தான்

சரி, படித்தேன், யோசித்தேன். மாப்ள, பணம் தருகிறேன். ஐந்து செட்டுக்கு இல்லை, மூன்றுக்கு. மூன்றும் சோபா செட், ஒவ்வொன்றுக்கும் நாலு கன்ட்ரோலர். நாலாவது சுவர் ஓரமாக நீள பெஞ்சும் சார்ஜ் பாயின்ட்டும், உசிலைத் தம்பி கூட்டத்துக்கு. அது ஓடினால் லாபம், ஓடாவிட்டால் பெஞ்சோடு போகும். கிலோவாட் பதிலும் வக்கீல் பதிலும் வந்த பிறகுதான் அட்வான்ஸ். அக்கா சொன்ன ஞாயிறு நேரமும் சேர்த்துக்கொள்.

சர்வீஸ் அண்ணே, கன்ட்ரோலர் ஒன்று ஆறாயிரம் பக்கம் என்கிறான் மாப்ள. பொதுக் கடையில் பையன்கள் கையில் அது எத்தனை மாசம் தாங்கும்? ரிப்பேர் உங்கள் கடையில் ஆகுமா? பழைய டிவி வாங்கலாமா?

#21 டவுன்ஹால்ரோடு_சர்வீஸ்

கன்ட்ரோலரில் முதலில் போவது ஸ்டிக்தான். கையை எடுத்த பிறகும் ஆள் தானாக ஒரு பக்கம் நகர்வான், டிரிஃப்ட் என்பார்கள். உள்ளே இருக்கிற சின்னத் தகடு தேய்வதால் வருவது. போர்டிலிருந்து ஸ்டிக்கை மட்டும் கழற்றி வேறு வைக்கலாம், பதினாலு கால் சால்டர் எடுக்க வேண்டும், பொறுமை வேண்டும். காந்தத்தில் வேலை செய்கிற ஹால் சென்சார் ஸ்டிக் போட்டால் அந்தத் தேய்மானம் கிடையாது. அதில்தான் போடச் சொல்வேன். கடைக்கு எப்போதும் ரெண்டு கன்ட்ரோலர் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பழைய டிவி வாங்கலாம், ஆனால் கேம் மோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் உதை விழுவதற்கும் இடையில் தாமதம் தெரியும், டெக்கன் ஆடுகிறவன் முதல் நாளே சண்டைக்கு வருவான். எச்டிஎம்ஐ போர்ட் ஆட்டம் இல்லாமல் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். ரெண்டு 55 இஞ்ச் என் கடைக்கு எதிரில் விலைக்கு நிற்கிறது. ஞாயிறு லீவு. திங்கள் பதினொரு மணிக்கு மேல் உங்கள் மாப்பிள்ளையை ஒரு பிஎஸ்5ஐயும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், மாட்டியே பார்த்துவிடலாம்.